குப்பம்மாள் முதுகில் ஏறிய நீலக் கட்டம்

மரக்காணம்
7.4.2024

ஜெயாவுக்கு,

உன் தாய்மாமனாகப் பிறந்து, பின்பு கணவனாகப் பதவி உயர்ந்து, நீ அம்பத்தூர் போன பிறகு தையற்கலையின் சக்கரவர்த்தியாகவும் முடிசூட்டிக்கொண்ட இருசப்பன் எழுதுவது.

நான் இப்போது சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. உப்பளத்தின் மேல் கை வைத்து, கடலைச் சாட்சிக்கு நிறுத்தி இதை உறுதி கூறுகிறேன். நீயும் நம்ப வேண்டாம். படித்தால் போதும்.

"உங்க நீலக் கட்டம் போட்ட சட்டை குப்பம்மா முதுகுக்கு எப்படிப் போச்சு?" என்று நேற்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் நீ எடுக்கவில்லை. கடைசியில் மலர்கொடிதான் எடுத்தாள். "அப்பா, அம்மா உங்கிட்ட போன்ல பேச மாட்டாங்களாம். எழுதி அனுப்பணுமாம்" என்றாள். பெற்ற மகளே தூது வந்து போர் அறிவித்த பிறகு நான் பேனாவை எடுக்காமல் இருக்க முடியுமா?

கேள். மகள் பிரசவத்துக்கு என்று நீ பையைத் தூக்கிக்கொண்டு போனாய். உன் தையல் மிஷின் மூடியைப் போட்டுக்கொண்டு மூலையில் கிடந்தது. உப்பளத்துப் பெண்கள் காலையிலும் மாலையிலும் வாசலில் வந்து நின்றார்கள். "அக்கா இல்லியா? கை நீளம் பத்தல. வெயில்ல புறங்கை எரியுது." நீ பாண்டிச்சேரி ஞாயிற்றுச் சந்தையிலிருந்து வாங்கிப் போட்டிருந்த பழைய சட்டை மூட்டையும் அப்படியே இருந்தது. தையல் தெரியாதவன் மிஷினில் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. உட்கார்ந்தேன்.

அதற்குப் பின் நடந்தது சரித்திரம். என் புகழ் அனுமந்தை வரைக்கும் பரவியது. வரிசை அங்கிருந்தே தொடங்கியது. உப்பு வாருகிற பெண்கள் எல்லாம் வரிசையில் நின்றுவிட்டதால் பாத்திகளில் உப்பு வளர்ந்து ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. கழிவெளியில் இருந்து ஒரு மடவை மீன் கிழிந்த துடுப்போடு வந்து, ஒட்டுப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டது. முதலில் வந்தவர்களுக்கு முதலில் என்று அனுப்பிவிட்டேன்.

அப்படி ஒரு நாள் சந்தைச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். அவற்றோடு என் நீலக் கட்டமும் காய்ந்தது. கூனிமேட்டுப் பக்கமிருந்து ஒரு சூறைக் காற்று கிளம்பிற்று. சட்டைகள் எல்லாம் பறந்தன. வீட்டுச் சட்டை என்ற மரியாதையில் என்னுடையது முன்னால் பறந்தது. கீழ்புத்துப்பட்டு தாண்டி, எல்லை தாண்டி, பாண்டிச்சேரிக் கடற்கரையில் இறங்கிக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பும்போது அதற்கு மூச்சு வாங்கிவிட்டது. இரண்டு கையும் முன்பக்கமும் கடலில் விழுந்தன. மிச்சமிருந்த முதுகுத் துணி, எதிரே வந்த முதல் முதுகில் உட்கார்ந்துகொண்டது. அது குப்பம்மாளுடையதாக இருந்தது என் குற்றமா, காற்றின் குற்றமா?

பேரனை முத்தமிட்டதாகச் சொல்.

இருசப்பன்


அம்பத்தூர்
12.4.2024

மாமாவுக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறான். மலர்கொடிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இது வீட்டுச் சேதி. இனிமேல் சண்டை.

போனில் ஏன் பேசவில்லை என்றால், பேசினால் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். சிரித்த வாயால் சண்டை போட முடியாது. கல்யாணம் ஆன நாளாய் என் சண்டை எல்லாம் அப்படித்தான் பாதியில் போயிருக்கிறது. காகிதத்தில் எழுதினால் உங்கள் பொய் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும்.

நம் உப்பளத்து லூர்துமேரி போட்டோ அனுப்பியிருந்தாள். குப்பம்மாள் குனிந்து உப்பு வாருகிறாள். புடவைக்கு மேலே போட்டிருக்கிற சட்டைக்குக் கையும் முன்பக்கமும் வெள்ளை, முதுகு மட்டும் நீலக் கட்டம். வலது தோளுக்குக் கீழே சிவப்பு நூலில் ஒரு ஒட்டுத் தையல். கொசுவத்தி சுட்ட ஓட்டை அது. நீல நூல் தீர்ந்துபோனதால் சிவப்பில் நான்தான் அடைத்தேன். என் கையை எனக்குத் தெரியாதா?

நம் உப்பளத்தில் பெண்கள் புடவைமேல் போடுவது கட்டியவன் சட்டையாக இருக்கும். இல்லாவிட்டால் எவன் போட்டதோ தெரியாத சந்தைச் சட்டையாக இருக்கும். இன்னார் சட்டை என்று ஊருக்கே தெரிந்த ஒரு ஆம்பளைச் சட்டையை அடுத்த வீட்டுக்காரி போட்டு நான் பார்த்ததில்லை. போட்டோவோடு லூர்துமேரி பேசியும் அனுப்பியிருந்தாள். "ஏக்கா, உன் வூட்டுக்காரு குப்பம்மாவைப் பின்னாலேந்து கட்டிப் புடிச்சாப்ல இருக்குது பாரு." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பை மாப்பிள்ளையும் கேட்டார். இந்த வீட்டில் இருப்பது ஒரே அறை.

அதையும் விடுகிறேன். அந்தச் சட்டையின் காலர் நிற்கிறது. காலர் மடிப்பைப் பிரித்து, உள்ளே துணி வைத்து நிமிர்த்தித் தைத்தால் குனியும்போது பிடரி வேகாது என்று கண்டுபிடித்தது யார்? நான் அதை யாரிடமும் படித்துக்கொள்ளவில்லை. வெந்து வெந்து கண்டுபிடித்தேன். அதை எடுத்து அவளுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டு? மிஷின் என்னுடையது. மூட்டை என்னுடையது. காலரும் என்னுடையது.

இன்னொரு சேதி. இங்கே மாடிக்குக் கீழே ஒரு ஆல்ட்ரேஷன் கடை இருக்கிறது. கடைக்காரருக்குச் சித்தார்த்தன் என்று பெயர். சும்மா எட்டிப் பார்த்தேன். ஒரு பேண்ட்டுக்கு அடி மடித்துக் காட்டினேன். "உங்க கை சுத்தமா இருக்குது, ரெண்டாவது மிஷின் சும்மாதான் கிடக்குது, உக்காருங்க" என்றார். மோட்டார் மிஷின். காலால் மிதிக்க வேண்டியதில்லை. பகலில் குழந்தை தூங்கும்போதெல்லாம் போய் உட்காருகிறேன். சித்தார்த்தன் நன்றாகப் பேசுகிறார்.

ஜெயா


மரக்காணம்
17.4.2024

ஜெயாவுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தேன். மடித்தேன். மறுபடி பிரித்து, 'சித்தார்த்தன் நன்றாகப் பேசுகிறார்' என்ற இடத்தை மட்டும் படித்தேன். உப்பளத்தில் அன்று இரண்டு பாத்தி தண்ணீர் என் மூச்சுச் சூட்டிலேயே வற்றிவிட்டது. முதலாளி மகிழ்ந்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். உன் கை சுத்தமாக இருக்கிறது என்று அவன் சொன்னான் என்றால் உன் கையை அவன் ஏன் பார்த்தான்? பேண்ட்டைத்தானே பார்க்க வேண்டும்? இன்னொரு சந்தேகம். என்னைப் பற்றி நீ யாரிடமாவது 'என்றார்' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'அந்தாளு சொல்லுச்சு' என்றுதான் கேட்டிருக்கிறேன். அடி மடிக்கிறவனுக்கு 'என்றார்', அடி வாங்குகிறவனுக்கு 'அந்தாளு'.

ஆகவே படை திரட்டிக்கொண்டு அம்பத்தூருக்கே வந்தேன். நம்பாதே, கேள்.

உப்பு லாரியின் உச்சியில் யானைமேல் ராஜா போல உட்கார்ந்து வந்தேன். தாம்பரத்தில் ஒரு போலீஸ்காரர் எழுந்து சல்யூட் அடித்தார். அம்பத்தூர் வந்ததும் தலையில் துண்டைக் கட்டி, பழைய பேப்பர்காரன் வேடம் பூண்டு, அந்தக் கடைக்கு எதிரே இருக்கிற பஜ்ஜிக் கடையில் நின்றேன். நான் தின்ற பஜ்ஜியில் சென்னை நகரத்தின் கடலை மாவு தீர்ந்துபோயிற்று. இப்போது ஆந்திராவிலிருந்து வரவழைக்கிறார்கள். எதிரே உன் சித்தார்த்தனைக் கண்டேன். அவனுக்கு மூன்று கை. ஒன்று துணியைத் தள்ளுகிறது, ஒன்று சக்கரத்தைப் பிடிக்கிறது, ஒன்று மீசையை முறுக்குகிறது. அந்த மீசைக்குப் பஸ்ஸில் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். அவன் மிஷின் சத்தத்தில் எதிர் வரிசை வீடுகளில் சுண்ணாம்பு உதிர்கிறது. எதிரியை நேரில் பார்த்து, எனக்கு நிகர் இல்லை என்று தீர்மானித்து, பெருந்தன்மையோடு திரும்பிவிட்டேன்.

சட்டை விஷயத்தில் முதலில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். காற்று இல்லை. என் சட்டைதான் குப்பம்மாள் சட்டையைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. குச்சியால் அடித்தும் பார்த்தேன்.

காலரைப் பற்றி எழுதியிருந்தாய். நீ தைத்த காலரை ஒரு நாள் முழுக்கப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். என்னுடையது உன்னுடையதைவிட ஒரு விரல் உயரம். பெண்கள் சொல்கிறார்கள்.

இருசப்பன்


அம்பத்தூர்
23.4.2024

மாமாவுக்கு,

அம்பத்தூருக்கு வந்தீர்களாம். இவ்வளவு தூரம் வந்தவர் மாடி ஏறிப் பேரன் முகத்தைப் பார்க்காமலா திரும்பிப் போவார்? அது ஒன்றே போதும், பொய் என்று சொல்ல. மலர்கொடிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஒரு விரல் உயரம் என்று எழுதியிருந்தீர்கள். பெண்கள் சொன்னார்களாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் நேராகவே எழுதுகிறேன். குப்பம்மாள்மேல் எனக்குக் கோபம் இல்லை. புருஷனை இழந்து தனியாக உப்பு வாருகிறவள். அவள்மேல் எனக்கு வந்தது பொறாமை. கோபம் என்றால் கத்தித் தீர்த்துவிடலாம். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நான் மிஷினில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. கண் மங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபோது தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கோர்த்துக்கொண்டேன். நீங்கள் வாசலில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தெருவே சிரித்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "குடு, நான் கோக்குறேன்" என்று சொன்னதுண்டா? எனக்குச் செய்யாததை, நான் ஊரில் இல்லாதபோது, இன்னொருத்திக்கு உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள். காலர் பிரித்து, உள்துணி வைத்து, உங்கள் முதுகுத் துணியையே வெட்டி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சித்தார்த்தன் என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார். தினமும் வேலை உண்டாம். மலர்கொடி மறுபடி கம்பெனிக்குப் போகவேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், அவளும் இரு என்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

சட்டையை ஏன் கொடுத்தீர்கள்? நடந்ததை மட்டும் எழுதுங்கள். இதற்கும் ஒரு கதை வந்தால் நான் இங்கேயே இருந்துவிடுவேன். மிஷினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயா


மரக்காணம்
28.4.2024

ஜெயா,

கதை இல்லை.

குப்பம்மாள் கொண்டுவந்த வெள்ளைச் சட்டை அவள் புருஷன் சுப்ராயனுடையது. அவனுடையது என்று அவளிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். உப்புத் தண்ணீரில் நூல் இற்று, பக்கத் தையல் விட்டிருந்தது. அதைப் பிடித்துத் தைத்து, உன் காலரும் வைக்க வேண்டும் என்று கேட்டாள். "அக்கா வரட்டும், அவசரமில்ல" என்றுதான் சொன்னாள். நான்தான் பிடுங்கி வாங்கினேன்.

காலர் நன்றாக வந்தது. அந்தத் திமிரில் பக்கத் தையலை வேகமாக விட்டேன். புழுக்கத்துக்கு என் சட்டைப் பட்டனை எல்லாம் அவிழ்த்துவிட்டிருந்தேன். அதன் ஓரம் மடியில் கிடந்தது. தைத்து முடித்து எழுந்தேன். குப்பம்மாள் சட்டையும் என்னோடு எழுந்தது. அக்குளிலிருந்து அடி வரைக்கும் என் சட்டையையும் அவள் சட்டையையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன்.

நீயாக இருந்தால் ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்திருப்பாய். நான் கத்தரியை வைத்தேன். தையல் வரவில்லை. துணி வந்தது. பழந்துணி, இழுத்த இழுப்பில் முதுகு குறுக்கே கிழிந்துவிட்டது. ஒட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி கிழிந்தது.

சந்தை மூட்டையில் இருந்ததெல்லாம் சல்லாத் துணி. உப்பளத்து வெயிலுக்கு நிற்காது. கெட்டித் துணியாகக் கையில் இருந்தது என் சட்டைதான். அதன் முதுகை வெட்டி அவள் சட்டைக்கு வைத்தேன். சந்தை மூட்டையில் கிடந்த துணி என்று அவளிடம் சொன்னேன். பழைய முதுகு இற்றுவிட்டது என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். சிவப்பு நூல் இருப்பது எனக்கு நினைவே இல்லை. என் முதுகில் நீ என்ன தைத்து வைத்திருக்கிறாய் என்று நான் எப்போது பார்த்தேன்?

அவளிடம் சொல்லிவிடாதே. புருஷன் துணியைக் கிழித்தவன் நான் என்று தெரிந்தால் அவள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

மிஷினில் ஏன் உட்கார்ந்தேன் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நம் வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாம், "அக்கா இல்லியா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தராவது ஒரு கதை கேட்டுவிட்டுப் போகலாம். யாரும் நிற்கவில்லை. உன்மேல் பொறாமை வந்தது. மூடியைத் திறந்தேன்.

இருசப்பன்


அம்பத்தூர்
4.5.2024

மாமாவுக்கு,

நீங்கள் சொல்லாதே என்றீர்கள். நான் குப்பம்மாளுக்குப் போன் போட்டேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"அக்கா, மாமா கிழிச்சது எனக்கு அன்னிக்கே தெரியும். தண்ணி குடிக்க உள்ள வந்தேன், கிழிஞ்ச முதுகு அடுப்பாண்ட கிடந்துது. ஒரு பக்கம் சட்டை, ஒரு பக்கம் மாமா, ரெண்டும் ஒரே கோலம். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா அழுதுடுவாரோன்னு பயந்துகினு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

"அப்ப ஏண்டி போட்டுக்கினு வேலைக்குப் போன?"

"கெட்டியா இருக்குதுக்கா, முதுகு எரியல. அது மாமா சட்டைன்னு எனக்கு இன்னா தெரியும், சந்தைத் துணின்னுதான் சொன்னாரு. லூர்துமேரிதான் எல்லாரையும் கூப்ட்டுக் கூப்ட்டுச் சொன்னா. அவளுக்குக் கை நீளம் பண்ணித் தரலியாம் மாமா. எனக்கு மட்டும் காலர் வெச்சிக் குடுத்துட்டாராம். அந்த வயித்தெரிச்சல்."

அதனால்தான் போட்டோ எனக்கு வந்திருக்கிறது. அவள் வயிறும் எரிந்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படி இருக்கக் கூடாதுதான்.

கிழிந்த வெள்ளை முதுகை நீங்கள் தூக்கிப் போட்டதற்கு அப்புறம் குப்பம்மாள் எடுத்துக்கொண்டு போய் மடித்து வைத்திருக்கிறாளாம். "மூணு துண்டா இருக்குது. நீ வந்து சேத்துக் குடுப்பியாக்கா? வேற யாராண்டயும் குடுக்க மாட்டேன்" என்றாள். போனை வைத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மெல்லிய துணி வைத்து, மேலே நெருக்கமாகக் கோடு கோடாகத் தைத்தால் நிற்கும். அதைச் சித்தார்த்தன் மிஷினில் செய்ய முடியாது. அது ஓடுகிற வேகத்துக்கு அந்தத் துணி தாங்காது. மிதிக்கிற மிஷின்தான் வேண்டும்.

அதனால் வருகிறேன். அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா இங்கே வந்துவிடுகிறார்கள். இங்கே வேலைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வருத்தமாகத்தான் இருந்தது. அதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. மோட்டார் மிஷினில் உட்கார்ந்து தைத்தபோது, இத்தனை வருஷம் ஏன் இப்படி ஒருத்தர் என் வேலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை என்று தோன்றியது.

நீங்கள் உண்மையை எழுதினீர்கள், நானும் ஒன்று எழுதுகிறேன். சித்தார்த்தனுக்கு நம் மலர்கொடியைவிட வயது குறைவு. என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறான். மீசை இன்னும் சரியாக வளரவில்லை. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். வேண்டுமென்றுதான் 'என்றார்' போட்டேன்.

வீட்டில் இனி ஒரு ஏற்பாடு. மிஷினில் நான் உட்காருவேன். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். அதில் நீங்கள். ஊசி கோர்ப்பதும் தையல் பிரிப்பதும் உங்கள் வேலை. கத்தரியைத் தொடக் கூடாது. லூர்துமேரி சட்டைக்குக் கை நீளம் பண்ணலாம், ஆனால் கடைசியாக.

எழுதி முடிக்கும் முன் ஒன்று கேட்கிறேன். காற்று, மீன், லாரி, பஜ்ஜி என்று பக்கம் பக்கமாக எழுதினீர்களே, அதில் ஒன்றாவது உண்மையா?

ஜெயா


மரக்காணம்
9.5.2024

ஜெயாவுக்கு,

தையற்கலைச் சக்கரவர்த்தி முடியைக் கழற்றிவைத்துவிட்டு, ஸ்டூல் ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் அட்டை வைத்துக்கொண்டிருக்கிறான். கத்தரியைப் பரணில் போட்டுவிட்டேன். குப்பம்மாள் வந்து, "மாமா, மீதி முதுகாவது பத்திரமா இருக்கட்டும், எங்கிட்டயே இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். லூர்துமேரி இன்னும் என்னோடு பேசவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். வரிசை அனுமந்தை வரைக்கும் நிற்கவில்லை. என்னிடம் தைக்க வந்ததே குப்பம்மாளும் லூர்துமேரியும்தான். மீன் வரவில்லை. சட்டை காப்பி குடிக்கவில்லை. காலர் உன்னுடையதைவிட உயரமும் இல்லை. ஒரு பக்கம் தூக்கி நின்றதால் அப்படித் தெரிந்தது. யானையும் இல்லை, லாரியும் இல்லை, சல்யூட்டும் இல்லை. திண்டிவனம் போய்ப் பஸ் மாறி, நின்றுகொண்டே வந்தேன். சித்தார்த்தனுக்கு இரண்டு கைதான். அவன் சின்னப் பையன் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஆமாம், வந்தேன். அது மட்டும் உண்மை.

எதிரே பஜ்ஜிக் கடையில் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாடி ஏறத்தான் வந்தேன். பேரனுக்கு ஒரு சட்டைகூடத் தைத்துப் பையில் வைத்திருந்தேன், இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டன. கடைக் கதவு திறந்திருந்தது. நீ வாயில் நூலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவன் ஏதோ சொன்னான். நீ நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தாய். போனில் என் பேச்சுக்குச் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. நான் கேட்டே இராத சிரிப்பு. சின்னப் பையன் என்று தெரிந்தும் மாடி ஏறாமல் அப்படியே திரும்பிவிட்டேன். அந்தப் பஜ்ஜியை நான் தின்னவே இல்லை.

இருசப்பன்